கிரான்ட் கிரீனோட கடைசிக் கால எல்பி மறுபதிப்புகள் - என் அனுபவம்

நான் இருக்கறது அமெரிக்காவுல நியூ ஜெர்சி எடிசன்ல, வேலை நூவர்க்ல. ஏழு வருஷமா தினமும் ட்ரெயின்ல போய் இறங்கற ஊரு. அங்கதான் 1970 ஆகஸ்ட்ல கிளிஷே லவுஞ்ச்ங்கற பார்ல ஜாஸ் கிட்டாரிஸ்ட் கிரான்ட் கிரீன் 'அலைவ்' ஆல்பத்த வாசிச்சிருக்காருன்னு எல்பி (வினைல் இசைத்தட்டு) வாங்கி அட்டைய திருப்பிப் படிச்சப்போதான் தெரிஞ்சுது, அப்படியே உக்காந்துட்டேன்.

அதுவரைக்கும் நானும் ஊர் சொல்றதயேதான் சொல்லிட்டு இருந்தேன், கிரான்ட் கிரீன்னா 1963ல பண்ண 'ஐடில் மொமென்ட்ஸ்' மாதிரி ஆல்பங்கதான், அப்புறம் காசுக்காக ஆடறதுக்கு ஏத்த ஃபங்க் இசை பக்கம் போயிட்டாருன்னு. கடையில பெட்டியில தேடிட்டு இருந்த ஒரு பெரியவர் என் கையில இருந்த எல்பியப் பாத்துட்டு அவரா வந்து பேசினாரு, நூவர்க்லயே பொறந்து வளந்தவராம். அப்பல்லாம் இங்க தெருவுக்குத் தெரு ஆர்கன் வச்ச பார் இருக்கும், வேலை முடிச்சு வர்றவங்க ஆடறதுக்குன்னு வாசிச்சது இது, சேர்ல உக்காந்து கணக்குப் போட்டுட்டு கேட்டா பிடிபடாதுன்னாரு. வீட்டுக்கு வந்து சவுண்டை ஏத்தி வச்சேன். இத்ரிஸ் முகமதோட டிரம்ஸ் தரையில ஏறுது! முதல் பாட்டே பக்கத்து ஜெர்சி சிட்டி பசங்களான கூல் அண்ட் த கேங்ங்கற ஃபங்க் குழுவோடது. அந்தத் தெருவுல என்ன ஓடிச்சோ அதத்தான் எடுத்து வாசிச்சிருக்காரு, இதுல விலைபோன சமாச்சாரம் எங்க இருக்கு?

அடுத்து 'ஸ்லிக்'. 1975ல வான்கூவர்ல ஆயில் கேன் ஹாரிஸ் கிளப்ல வாசிச்சது, ரெசொனன்ஸ் கம்பெனி 2018 ரெக்கார்ட் ஸ்டோர் டேக்கு (ரெக்கார்ட் கடைகளுக்கான வருஷாந்திர நாள்) முதல் தடவையா வெளியிட்டாங்க. ஆரம்பமே ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கரோட ப்ளூஸ். கடைசில அரைமணி நேரத்துக்கு மேல ஓடற மெட்லி, அதாவது பல பாட்ட கோத்து வாசிக்கறது, அதுல ஸ்டீவி வொண்டர், ஓஹையோ ப்ளேயர்ஸ் பாட்டெல்லாம் வருது. ப்ளூஸ்லயும் மெட்லிலயும் அதே விரல்தான்! கார்டு (பல நோட்டை சேத்து ஒண்ணா அடிக்கறது) கிட்டத்தட்ட வாசிக்கவே மாட்டாரு, ஒத்தை ஒத்தை நோட்டா சாக்ஸஃபோன் ஊதற மாதிரி போவாரு, ஒரு சின்ன துண்டப் பிடிச்சா விடாம திருப்பித் திருப்பி அடிச்சு நம்மள சீட்டு நுனிக்குக் கொண்டு வந்துட்டுதான் விடுவாரு.

அதனாலயே ஒரு விஷயம் சொல்லணும். வேறொரு மறுபதிப்பு ஆன்லைன்ல வாங்கினேன், நடு ஓட்டை மையத்துல இல்ல, சுத்தும்போது ஊசி இடமும் வலமும் ஆடுது. டிரம்ஸ்ல அவ்வளவா தெரியாது, ஆனா இவரு ஒரு நோட்டைப் பிடிச்சு நிறுத்தினா சுதி அலையுது, கேக்கவே வயித்த பெசஞ்சுது. திருப்பி அனுப்பிட்டேன். வாங்கினதும் மெதுவா போற பாட்டை முதல்ல போட்டுப் பாருங்க, உடனே தெரிஞ்சிடும்.

கிரீன் இறந்தது 1979 ஜனவரி 31, நியூயார்க்ல கார்லயே மாரடைப்பு, 43 வயசு. 'ஸ்லிக்' வாசிச்சு நாலு வருஷம்கூட ஆகல. அந்த மெட்லிய போடும்போதெல்லாம் இது மனசுல வந்துடுது.

இப்ப 'லைவ் அட் த லைட்ஹவுஸ்' டபுள் எல்பி தேடிட்டு இருக்கேன், 1972ல கலிஃபோர்னியா ஹெர்மோசா பீச்ல வாசிச்சது. யார்கிட்டயாவது ஒரிஜினலும் மறுபதிப்பும் ரெண்டுமே இருந்தா பேஸ் எதுல நல்லா இறங்குதுன்னு சொல்லுங்க.