குளிரில் இறுகும் துணி மசகு: மூன்றாவது குண்டு துப்பாக்கிக் குழலில் மருந்துக்கு மேலேயே நின்றுவிடுகிறது, உதவி வேண்டும்

கேள்வி (லேங்காஸ்டர், பென்சில்வேனியா)

அனைவருக்கும் வணக்கம். சென்ற கோடையில் 50 காலிபர் (அதாவது அரை அங்குலக் குழல்) சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்றைப் புதிதாக வாங்கினேன்; சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்து பற்றும் பழைய வகை அது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கொல்லர்கள் நீண்ட குழல் துப்பாக்கிகளைச் செய்த இந்த வட்டாரத்திலேயே குடியிருப்பதால், அதே முறையில் குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடப் பழக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1974 முதல் எங்கள் மாநிலத்தில் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அது தொடங்கும்.

நான் பயன்படுத்துவது 0.490 அங்குல ஈயக் குண்டு, 0.018 அங்குலத் தடிப்புள்ள தலையணை உறைத் துணி, 70 கிரெயின் (ஏறத்தாழ நாலரை கிராம்) கருமருந்து. குண்டைச் சுற்றும் துணிக்கான மசகை நானே தயாரித்தேன். எல்லாரும் சொல்வது மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் சேர்ந்த கலவை. மாட்டுக் கொழுப்பு எங்கள் வீட்டுக்குள் வராது என்பதால், தேன்மெழுகு ஒரு பங்குக்குத் தேங்காய் எண்ணெய் இரண்டு பங்கு சேர்த்து உருக்கி, வெட்டி வைத்த துணித்துண்டுகளில் தோய்த்து, தகர டப்பாவில் அடைத்துவிட்டேன். ஆகஸ்டு மாதத்தில் அவை வெண்ணெயில் நழுவுவதுபோல் குழலுக்குள் இறங்கின. ஆறு குண்டுகள் வரை துடைக்காமலே சுட்டேன்.

சென்ற வாரம் பயிற்சித் திடலில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8 பாகை செல்சியஸ் இருந்தது. டப்பாவைத் திறந்தபோது துணிகள் ஒன்றோடொன்று ஒட்டி மெழுகுவத்தித் துண்டுகளாகக் கிடந்தன. முதல் குண்டையே இரு கைகளாலும் அழுத்தித்தான் இறக்க முடிந்தது. மூன்றாவது குண்டு, மருந்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே நின்றுவிட்டது. குண்டை உள்ளே தள்ளும் திணிகோலில் அடையாளக் கோடு போட்டிருந்ததால் அது தெரிந்தது. சுடாமல் திடல் பொறுப்பாளரை அழைத்தேன். அவர் கரியமில வாயு உருளையைத் தீத்துளையில் (மருந்துக்கு நெருப்புப் போகும் சிறு துளையில்) பொருத்திக் குண்டை வெளியே தள்ளிக் கொடுத்தார்.

கலவையில் மெழுகைக் குறைத்தால் மட்டும் போதுமா, அல்லது வேறு ஏதேனும் தவறு செய்கிறேனா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (ஒஹாயோ)

தம்பி, அடையாளக் கோட்டைப் பார்த்துச் சுடாமல் நிறுத்தினீர்களே, அதுவே பெரிய காரியம். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருக்கும்போது சுட்டால் குழல் அந்த இடத்தில் புடைத்துவிடலாம், வெடித்தும் போகலாம். குண்டு நின்றுவிட்டால் திணிகோலைத் தூக்கித் தூக்கிக் குத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கலவைக்கு வருமுன் ஒரு கேள்வி. சுட்ட பிறகு துணித்துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தீர்களா? குழல்வாய்க்கு முன்னால் பத்துப் பதினைந்து தப்படிக்குள் அவை விழுந்து கிடக்கும். மசகில் என்ன குறை, துணியில் என்ன குறை, குழலில் என்ன குறை என்பதை வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் அந்தக் கந்தலில் பார்த்துவிடலாம். நடுவில் கரிய வட்டம், ஓரத்தில் நைந்த நூல், மற்றபடி முழுத்துணி என்றால் எல்லாம் சரி. குண்டு உட்கார்ந்த நடுப்பகுதி பொத்தலாகக் கருகியிருந்தால், துணி மெல்லியது அல்லது மசகு போதவில்லை. குண்டின் இடுப்பைச் சுற்றி வரிசையாகக் கீறல்கள் இருந்தால் குற்றம் மசகினுடையது அன்று. குழல்வாயின் விளிம்போ, புரிகளின் (குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளங்களின்) மேட்டு ஓரமோ கத்திபோல் அறுக்கிறது என்று பொருள்.

கேட்டவர்

ஐயா, பனியில் கிடந்ததால் இரண்டு துண்டுகள் எளிதில் கிடைத்தன. ஒன்று நான்கு நாடாக்களாகக் கிழிந்திருக்கிறது. மற்றொன்றில் நடுவட்டம் முழுதாக இருக்கிறது. அதைச் சுற்றி அரை அங்குல நீளத்தில் ஐந்து கீறல்கள். கீறல்களின் ஓரம் கருகவில்லை, பிளேடால் வெட்டியதுபோல் இருக்கிறது. ஆகஸ்டில் சுட்டபோது துணிகளைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பதில் 1 (ஒஹாயோ)

அப்படியானால் உங்களிடம் இருப்பது இரண்டு நோய்கள், தம்பி. அறுக்கும் விளிம்பு கோடையிலும் இருந்திருக்கும். இளகிய மசகு துணியை நழுவவிட்டுக் காப்பாற்றியிருக்கலாம். குளிரில் மசகு விறைத்ததும் துணி விளிம்பில் மாட்டி அறுபட்டிருக்கிறது.

உறுதிசெய்துகொள்ள ஒரு சோதனை. துப்பாக்கியில் மருந்து இல்லை என்பதை முதலில் சரிபார்த்துக்கொண்டு, ஒரு நீளமான துணிப்பட்டையில் குண்டை வைத்து, குழல்வாய்க்குச் சற்றுக் கீழே மட்டும் இறக்கி, பட்டையின் இரு முனைகளையும் பிடித்து வெளியே இழுங்கள். சுடாமலே துணியில் கீறல் விழுந்திருந்தால் விளிம்புதான் குற்றவாளி. பிறகு 320ஆம் எண் உப்புத்தாளைப் பெருவிரலால் குழல்வாயில் அழுத்தி, கையைத் திருப்பித் திருப்பித் தேயுங்கள். துப்பாக்கியையும் அவ்வப்போது திருப்பிக்கொண்டால் ஒருபக்கமாகத் தேயாது. அதன்பின் 400, 600 என்று மெல்லிய தாளுக்கு மாறலாம். தூள் உள்ளே போகாமல் குழலுக்குள் ஒரு துணியை அடைத்து வைத்திருங்கள். அவசரம் வேண்டாம், விளிம்பு மழுங்கி வழவழப்பானால் போதும்.

பதில் 2 (மினசோட்டா)

வணக்கம். நான் வீட்டில் சோப்பும் களிம்பும் செய்பவள். என் கணவர் சுடுவார், மசகு காய்ச்சுவது நான். கலவையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்பி, தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும். மார்கழியில் நம் ஊர்க் குளியலறையிலேயே சீசாவைத் தணலருகில் வைத்து உருக்கியதை மறந்துவிட்டீர்களா? அதனுடன் 62 பாகைக்கு மேல்தான் உருகும் தேன்மெழுகை மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால், மினசோட்டாக் குளிரில் அது மெழுகுவத்தியேதான். காறல் வாடை சீக்கிரம் பிடிக்காத நல்ல எண்ணெய் என்றாலும், குளிர்காலத்துக்கு அது ஆகாது. நெய்யும் அப்படியே. ஆலிவ் எண்ணெய் குளிர்பெட்டியில் வைத்தாலே கட்டிதட்டும்.

இதற்கு ஏற்றது நம் விளக்கெண்ணெய்தான். இங்கே பழைய துப்பாக்கிக்காரர்கள் பலர் அதைத்தான் நம்புகிறார்கள். நீங்கள் சொல்லும் குளிரில் அது பாகுபோல் கெட்டிப்படுமே தவிரக் கட்டியாகாது. எடைக் கணக்கில் தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் ஆறு பங்கு என்பது எங்கள் குளிர்காலக் கலவை. கோடைக்கு நான்கு பங்காகக் குறைத்துக்கொள்வேன். நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். மருந்து டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஆறியதும் ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணியில் வைத்து, இரவு முழுவதும் வீட்டு வாசலில் விட்டுவிடுங்கள். காலையில் விரல் நுனி அழுந்தினால் சரி. அழுந்தாவிட்டால் மறுபடி உருக்கி இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டியதுதான்.

துணியைப் பற்றியும் ஒரு சொல். கடையிலிருந்து வந்த கஞ்சியோடு வெட்டக் கூடாது. வெந்நீரில் அலசிக் காயவைத்து வெட்டுங்கள். முழுப் பருத்தியாக இருக்க வேண்டும், பாலியெஸ்டர் கலந்தால் குழலுக்குள் உருகி ஒட்டும். மாதக்கணக்கில் தோய்த்து அடைத்து வைக்காமல், சுடப் போகும் வாரத்தில் தேவையானதை மட்டும் தோயுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அன்று மருந்து போடும் முன் குழலில் என்ன எண்ணெய் இருந்தது?

கேட்டவர்

அக்கா, துருப்பிடிக்காமல் இருக்கக் கடையில் வாங்கிய சாதாரணத் துப்பாக்கி எண்ணெயைப் பூசி வைத்திருந்தேன். உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுச் சுட்டேன். அதுவும் காரணமா?

பதில் 2 (மினசோட்டா)

அதற்கும் பங்கு உண்டு. கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தக் கசடில் உள்ள பொட்டாசியம் கார்பனேட், மழைநாளில் கல்லுப்பு நீர்த்துக்கொள்வதைப்போல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் உங்கள் குழலில் கசடு சேறுபோல் இளகி, அடுத்த குண்டோடு கீழே இறங்கிவிட்டது. குளிர்காலத்தின் வறண்ட காற்றில் அதே கசடு அடிப்பிடித்த பால் சட்டியின் பொருக்குபோல் காய்ந்துவிடும். பெட்ரோலிய எண்ணெய் அதில் கலந்தால் தார்போல் இறுகும். எனவே மருந்து போடும் முன் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். அத்துடன், வறண்ட நாளில் ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு லேசாக ஈரப்படுத்திய துணியை ஒருமுறை விட்டு எடுப்பது நல்லது.

பதில் 3 (இண்டியானா)

எங்கள் மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் ஊரில் நடக்கும் பழைய வகைத் துப்பாக்கிப் போட்டிகளைப் பார்க்கப் போயிருந்தபோது, துணியை வாயில் வைத்து எச்சிலால் நனைத்தே சுடுபவர்களைக் கண்டேன். பாலிஸ்டால் என்ற, தண்ணீரில் கலக்கக்கூடிய துப்பாக்கி எண்ணெய் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஏழு பங்கு சேர்த்துப் பால்போல் கலக்கி, துணியைத் தோய்த்துத் தண்ணீர் ஆவியாகும்வரை காயவைத்துப் பயன்படுத்துபவர்களும் உண்டு. மெழுகே இல்லாத இந்த முறைகளை முயன்று பார்க்கலாமே?

பதில் 1 (ஒஹாயோ)

குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு எச்சில் மிக நல்லது, ஏனென்றால் கெட்டித்த மறுநிமிடம் சுட்டுவிடுவார்கள். வேட்டைக்கு அது உதவாது. காலையில் கெட்டித்துவிட்டு மாலைவரை மரத்தடியில் காத்திருக்கும்போது, அந்த ஈரம் மருந்தை நனைக்கும், குழலைத் துருப்பிடிக்கச் செய்யும், கடுங்குளிரில் உறையவும் கூடும். காயவைத்த பாலிஸ்டால் துணியில் ஈரம் இல்லை என்றாலும், அதையும் நான் திடலுக்கு மட்டுமே எடுத்துச் செல்வேன். வேட்டைக்குக் கொழுப்போ எண்ணெயோ உள்ள மசகுதான்.

மாட்டுக் கொழுப்பு வேண்டாம் என்று தம்பி எழுதியதைப் படித்தபோது 1857 நினைவுக்கு வந்தது. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாத் தாளில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருக்கிறார்கள் என்ற பேச்சு சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. அந்தத் தாளைப் பல்லால் கடித்துத்தான் திறக்க வேண்டும். சிப்பாய்களே தங்களுக்கு ஏற்ற மசகைப் பூசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் இறங்கி வந்தபோது காலம் கடந்துவிட்டது. எண்ணெயும் தேன்மெழுகும் அன்றே கைக்கெட்டும் பொருள்களாகத்தான் இருந்தன என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கேட்டவர்

உங்கள் மூவருக்கும் நன்றி. இழுத்துப் பார்க்கும் சோதனையில், சுடாமலே துணியில் ஏழு கீறல்கள் விழுந்தன. மூன்று மாலைகள் உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்தேன். நேற்றிரவு மறுபடி இழுத்தபோது குண்டின் தடமும் புரிகளின் தடமும் மட்டுமே துணியில் பதிந்திருந்தன, ஒரு நூல்கூட அறுபடவில்லை.

அக்கா சொன்ன ஒன்றுக்கு ஆறு கலவையை வாசலில் வைத்துப் பார்த்தேன். காலையில் விரல் அழுந்தியது. இன்று திடலில் உறைநிலைக்குக் கீழே 6 பாகை. குழலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஈரத்துணி விட்டு எட்டுக் குண்டுகள் சுட்டேன். எட்டும் ஒரே அழுத்தில் அடையாளக் கோடுவரை இறங்கின. பொறுக்கிய துணிகளில் ஆறு முழுதாக இருக்கின்றன; இரண்டில் மட்டும் நடுவில் கடுகளவு கருகல் தெரிகிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். வேட்டை நாளில் நெடுநேரம் கெட்டித்து வைத்திருந்தால் விளக்கெண்ணெய் மருந்துக்குள் ஊறாதா?

பதில் 1 (ஒஹாயோ)

ஊற வாய்ப்பு உண்டு. அதற்கும் கடுகளவு கருகலுக்கும் ஒரே பரிகாரம்தான். மருந்துக்கு மேல், துணிசுற்றிய குண்டுக்குக் கீழே, மசகு படாத ஓர் அடைப்பு வையுங்கள். இங்கே பழைய வேட்டைக்காரர்கள் மரத்தில் தொங்கும் பெரிய குளவிக் கூட்டைக் குளிர்காலத்தில், அது வெறுமையான பிறகு எடுத்துவந்து, அதன் சாம்பல் நிறத் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கிள்ளிப் போடுவார்கள். அது எளிதில் தீப்பற்றாது. எண்ணெயையும் நெருப்பையும் ஒருசேரத் தடுக்கும். கூடு கிடைக்காவிட்டால் உலர்ந்த கம்பளி அடைப்பு போதும். அடைப்பைச் சேர்த்தபின் குண்டு சற்று மேலே உட்காரும், ஆகவே வேட்டைக்குப் புறப்படும் முன் திணிகோலில் புதிய கோடு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.