ஓஇடி ஸ்பீக்கிங்கில் மட்டும் 330. நாள் முழுக்க வார்டில் பேசுகிறவளுக்கு ஏன் இப்படி?

தேன்கூடு (மார்த்தாண்டம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பிஎஸ்சி நர்சிங் முடித்து எட்டு வருஷம் ஆகிறது, நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். யுகே போகலாம் என்று நைட் டிரெயின் பிடித்துக் கொச்சி போய், மருத்துவத் துறைக்காரர்களுக்கான இங்கிலீஷ் பரீட்சையான ஓஇடி எழுதினேன். பீஸ் மட்டுமே என் ஒன்றரை மாசச் சம்பளம். ரிசல்ட் இதுதான்: லிசனிங் 370, ரீடிங் 360, ரைட்டிங் 320, ஸ்பீக்கிங் 330.

அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்கிற என்எம்சி கேட்பது லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி கிரேடு, அதாவது 350. ரைட்டிங்கில் மட்டும் சி பிளஸ், 300 இருந்தால் போதும். ரைட்டிங்கை நினைத்து ஆறு மாசம் தூக்கம் கெட்டவள் அதில் தப்பித்துவிட்டேன், பயமே இல்லாத ஸ்பீக்கிங்கில் 20 மார்க்கில் மாட்டிக்கொண்டேன். ஒரே வெப்ராளமாக இருக்கிறது.

என்ன தப்பு செய்தேன் என்றும் புரியவில்லை. ஸ்பீக்கிங்கில் ஒருவர் பேஷண்டாக நடிப்பார், கார்டில் இருக்கிறபடி நாம் நர்ஸாகப் பேச வேண்டும், அதுதான் ரோல்ப்ளே. முதலாவது சுமாராகப் போனது. இரண்டாவது, இன்சுலின் போடப் பயப்படுகிற ஒரு வயதானவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கார்டில் இருந்த எல்லா பாயிண்டையும் ஒன்று விடாமல் சொன்னேன், கிராமர் பெரிதாகத் தப்பவில்லை, திக்கவில்லை, ஐந்து நிமிஷத்தில் கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது. எதிரே இருந்த மேடம் சிரித்துக்கொண்டே தேங்க்யூ சொன்னார், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து வெளியே வந்து சாயா குடித்தேன்.

இப்போது கோச்சிங் சென்டரில், உனக்கு மலையாளம் கலந்த நாகர்கோவில் ஸ்லாங், ஆக்சென்ட்தான் பிரச்சினை, 45 நாள் ஆக்சென்ட் பேட்சில் சேர் என்கிறார்கள். ஏஜென்ட், எல்லாத் துறைக்கும் பொதுவான இங்கிலீஷ் பரீட்சையான ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு மாறச் சொல்கிறார். சித்தி மகன் ஜெர்மனிக்குப் படி என்கிறான். ரீமார்க்கிங் போடலாமா? எழுதித் தேறியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கருங்கல்காரி எழுதியது:

தங்கச்சி, நானும் நாகர்கோவில் வார்டில் ஏழு வருஷம் நின்றவள்தான். 2019ல் இங்கே யுகே வந்தேன், யார்க்‌ஷயர் பக்கம் இருக்கிறேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இந்த எட்டு வருஷத்தில் ஒரு பேஷண்டிடம் இங்கிலீஷில் எத்தனை தடவை பேசியிருப்பாய்?

எனக்குப் பதில் தெரியும், ஏனென்றால் என் கணக்கும் பூஜ்யம்தான். பேஷண்டிடம் தமிழ், களியக்காவிளைக்கு அந்தப்பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் மலையாளம். இங்கிலீஷ் என்பது ரவுண்ட்ஸில் டாக்டரிடமும் கேஸ் ஷீட்டிலும் ஹேண்ட்ஓவரிலும்தான், அதுவும் தந்தி அடித்த மாதிரி: 'பிபி ஒன் சிக்ஸ்டி பை ஹண்ட்ரட், டாக்டர் இன்ஃபார்ம்ட்'. கேஸ் நோட்ஸைப் பார்த்து 180 முதல் 200 வார்த்தையில் லெட்டர் எழுதுவது அந்த வேலைக்குப் பக்கத்து வீடு, அதனால் அதில் தப்பித்தாய். ஸ்பீக்கிங் கேட்பதோ நீ தமிழில் மட்டுமே செய்து பழகிய வேலையை.

அப்புறம், எதிரே உட்கார்ந்து பேஷண்டாக நடித்த மேடம் உனக்கு மார்க் போடவில்லை. பேசியது ரெக்கார்ட் ஆகி வேறு ஆட்களிடம் போகிறது, அவர்கள்தான் போடுகிறார்கள், அதனால் அவர் சிரித்ததை வைத்துக் கணக்குப் பார்க்காதே. 2018 செப்டம்பரிலிருந்து மொழிக்கு மட்டும் இல்லை, பேஷண்டை எப்படி நடத்தினாய் என்பதற்கும் மார்க் உண்டு. மொழிப் பக்கத்தில் நான்கு: நீ சொல்வது தெளிவாகக் காதில் விழுகிறதா, தங்குதடை இல்லாமல் வருகிறதா, ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ற பேச்சா, இலக்கணமும் சொல்வளமும் எப்படி. ஒவ்வொன்றுக்கும் 6 வரை. இன்னொரு பக்கம் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 3 வரை: ஆளோடு ஒட்டினாயா, அவர் மனசில் இருப்பதைப் பிடித்தாயா, பேச்சை ஒழுங்காகக் கொண்டுபோனாயா, கேட்டுத் தெரிந்துகொண்டாயா, புரிகிற மாதிரி சொன்னாயா. நீ கடைசியில் இருப்பதை மட்டும் செய்துவிட்டு வந்திருக்கிறாய்.

நம்ம வார்டில் சுகர் 380 இருக்கிற ஒரு பாட்டா வந்தால் நீ எப்படித் தொடங்குவாய்? மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, 'பாட்டா, காலையில என்ன சாப்பிட்டீங்க?' அவர் 'மரச்சீனியும் மீன்கறியும்' என்பார். திட்டமாட்டாய், சிரிப்பாய். ஊசி என்றால் பயமா என்று கேட்பாய். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி போட ஆரம்பித்த பிறகுதான் காலை எடுத்தார்கள் என்பார். ஆகா, இதுதான் விஷயம் என்று பிடித்துக்கொண்டு, கால் போனது ஊசியால் இல்லை பாட்டா, ஊசியைத் தள்ளிப்போட்டதால் என்று அங்கிருந்து பேசுவாய். அதே நீ இங்கிலீஷுக்கு மாறினதும், 'சார், யூ ஹாவ் டயாபடீஸ், யூ ஷுட் டேக் இன்சுலின், யூ ஷுட் அவாய்ட் ஸ்வீட்ஸ், யூ ஷுட் செக் யுவர் ஃபீட்'. வரிசையாக யூ ஷுட், யூ ஷுட். நேரம் மிச்சம் இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பேஷண்டுக்குப் பேச இடமே கொடுக்கவில்லை நீ.

கார்டைக் கையில் கொடுத்ததும் யோசிக்க மூன்று நிமிஷம் தருகிறார்களே, அதில் என்ன சொல்லலாம் என்று யோசிக்காமல் என்ன கேட்கலாம் என்று யோசி. 'வாட் டூ யூ ஆல்ரெடி நோ அபவுட் இன்சுலின்?' 'வாட் வொரீஸ் யூ மோஸ்ட்?' கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவர் சொன்ன வார்த்தையையே எடுத்துத் திருப்பிச் சொல்லி அங்கிருந்து மேலே போ. ஹைப்போகிளைசீமியா என்று சொல்லாதே, லோ பிளட் ஷுகர் என்று சொல். எல்லா பாயிண்டும் முடியாவிட்டாலும் பரவாயில்லை.

ரீமார்க்கிங் போட ஏற்பாடு இருக்கிறது, ஆனால் நானாக இருந்தால் அந்தப் பணத்தை அடுத்த அட்டெம்ப்டுக்கு வைத்துக்கொள்வேன். 12 மாதத்துக்குள் இரண்டு தடவை எழுதி மார்க்கைச் சேர்த்துக் காட்ட என்எம்சி விடுகிறது, இரண்டு தடவையும் நான்கு பேப்பரும் எழுதியிருக்க வேண்டும், எந்தப் பேப்பரிலும் அவர்கள் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. உன் 330 சி பிளஸ்தான், அதனால் இந்த வழி உனக்குத் திறந்தே இருக்கிறது. புக் பண்ணுவதற்கு முன்னால் அவர்களுடைய சைட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்.

பாசஞ்சர் பயணி எழுதியது:

சிஸ்டர், நான் நர்ஸ் இல்லை, குழித்துறையில் ஏறிக் கழக்கூட்டத்தில் இறங்கி டெக்னோபார்க் போகிற கூட்டத்தில் ஒருவன். ஆனால் அக்கா சொன்னதற்கு என் கதையே சாட்சி. எங்கள் டீமுக்கு ஜப்பான் கிளையண்ட் வந்தபோது எல்லோரையும் டோயிக் எழுதச் சொன்னார்கள். 1979ல் ஜப்பானில் ஆரம்பித்த ஆபீஸ் இங்கிலீஷ் பரீட்சை அது, அங்கே ஆபீஸ்களில் அந்த மார்க்குக்கு ஏக மரியாதை. நான் 990க்கு 845. டீமில் கேக் எல்லாம் வெட்டினார்கள். அடுத்த வாரம் கிளையண்ட் காலில், டெலிவரி ஏன் லேட் என்று ஒரு சின்னக் கேள்வி, 845 மார்க்காரன் மியூட் பட்டனைத் தேடினேன். பிறகுதான் யோசித்தேன்: இரண்டு மணி நேரம், 200 கேள்வி, எல்லாம் கேட்பதும் படிப்பதும். வாய் திறக்க ஒரு கேள்வி இல்லை. பேசவும் எழுதவும் டோயிக்கில் தனிப் பரீட்சை இருக்கிறது, அதைக் கம்பெனி கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

ஐஇஎல்டிஎஸ் மாறுவது பற்றி: என்எம்சி அதில் கேட்பது மூன்றில் 7, ரைட்டிங்கில் 6.5. அந்த ரைட்டிங்கில் கேஸ் நோட்ஸ் கிடையாது. ஒரு கிராஃபைப் பார்த்து 150 வார்த்தை, அப்புறம் மியூசியத்துக்கு அரசாங்கம் பணம் செலவழிக்கலாமா என்கிற மாதிரி ஒரு கேள்விக்கு 250 வார்த்தைக் கட்டுரை, எல்லாம் ஒரு மணி நேரத்தில். இருபது மார்க்குக்காக ஏற்கனவே தேறிய ரைட்டிங்கைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஆக்சென்ட் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன். ஸ்லாங் பிரச்சினை இல்லை, ஆனால் வேகம் பிரச்சினை. நாகர்கோவில்காரர்கள் பேசுவது திருச்சிக்காரருக்கே இரண்டு தடவை சொன்னால்தான் புரிகிறது, இங்கிலீஷிலும் அதே கியரில்தான் போகிறோம், வார்த்தையின் வாலை முழுங்கிவிடுகிறோம். கால் சென்டர்களில் வெர்சன்ட் என்று மெஷினே மார்க் போடுகிற ஒரு டெஸ்ட் உண்டு, அதில் முதல் தடவை நான் தோற்றது அதனால்தான். மெதுவாகப் பேச 45 நாள் பேட்ச் தேவையில்லை, உங்கள் போனிலேயே ரெக்கார்ட் செய்து கேளுங்கள், உங்களுக்கே சகிக்காது.

குலசேகரம் ரப்பர் எழுதியது:

ஜெர்மனி சுருக்கு வழி என்று யாரும் நினைக்க வேண்டாம், அங்கேயும் நர்ஸுக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை கேட்கிறார்கள். என் வீட்டுக்காரி முதல் நிலையான ஏ1-இலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள், ரப்பர் பால்வெட்டுக்கு நான் எழுந்திருக்கிற நேரத்தில் அவளும் எழுந்து டேர், டீ, டாஸ் என்று தொடங்கிவிடுகிறாள். கையில் மூன்று பேப்பர் தேறியதை வைத்துக்கொண்டு அங்கே போய் முதலிலிருந்து ஆரம்பிப்பானேன்?

குளச்சல் மாலுமி எழுதியது:

மக்கா, வயசாளி ஒருத்தன் சொல்கிறேன், கேட்டுக்கொள். இருபத்தாறு வருஷம் கப்பலில் ஏபியாக, அதாவது மாலுமியாக ஓடினவன். கப்பலை ஓட்டுகிற ஒரே பிரிட்ஜில் பிலிப்பினோ, உக்ரைன்காரன், வங்காளி, குளச்சல்காரன் நான். எல்லோரும் பேசுவது இங்கிலீஷ், எவனுக்கும் அது வீட்டு மொழி இல்லை. எங்களுக்கும் பரீட்சை உண்டு, கம்பெனி ஆளெடுக்கும்போது மார்லின்ஸ் என்று வைப்பார்கள்.

ஆனால் வேலைக்கு நின்றது எஸ்எம்சிபி. கடலில் பேச வேண்டிய வாக்கியங்களை, சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2001ல் அந்தப் பெயரில் தொகுத்துக் கொடுத்தது. அழகான இங்கிலீஷ் ஒன்றும் கிடையாது அதில். ஆபீசர் 'ஸ்டார்போர்ட் டென்' என்றால் வீலில் நிற்கிற நான் 'ஸ்டார்போர்ட் டென்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும், சுக்கான் அந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் ஏச்சு விழும். சுக்கான் கோணம் தவிர மற்ற எண்ணைப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும், 150 என்றால் ஒன் ஃபைவ் ஸீரோ. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் காற்றிலே ஒரே மாதிரிதான் கேட்கும். மேலே பயணி தம்பி வாலை முழுங்குகிறோம் என்று எழுதினானே, அது இங்கேதான் ஆளைக் கவிழ்க்கும். உன் பாட்டாவுக்கு இன்சுலின் பதினைந்து யூனிட்டா ஐம்பதா என்பதும் அதே கதைதானே?

அதனால் கடைசியில் பேஷண்டைத் திருப்பிச் சொல்லச் சொல். ஆர் யூ ஓகே, அண்டர்ஸ்டாண்ட் என்று கேட்டால் எல்லோரும் யெஸ் யெஸ் என்றுதான் சொல்வான், நானும் இருபத்தாறு வருஷம் அப்படி நிறைய யெஸ் சொல்லியிருக்கிறேன்.

சாயாக்கடை பெஞ்ச் எழுதியது:

ஒன்றே ஒன்று. ஏஜென்ட் எவனாவது பி கிரேடு கேரண்டி, எக்ஸாமுக்கே ஆள் ஏற்பாடு என்று வந்தால் போனை வை. 2014ல் யுகேயில் விசாவுக்கு எழுதின டோயிக்கில் ஆள்மாறாட்டம் பிடிபட்டு, ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா போனது. தப்பே செய்யாதவர்களும் மாட்டி, வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்.

தேன்கூடு எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதினதைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது, பிறகு அழுகை, அப்புறம் கணக்குப் போட்டேன். எட்டு வருஷத்தில் இங்கிலீஷில் பேசின பேஷண்ட் மொத்தம் இரண்டு பேர், இரண்டும் கன்னியாகுமரி பார்க்க வந்து வயிற்றுப்போக்கில் அட்மிட் ஆன வெளிநாட்டுக்காரர்கள். 'யூரின் பாஸ்ட்?' தவிர வேறு என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

நேற்று ராத்திரி தம்பியைப் பேஷண்டாக்கினேன். 'ஐ டோன்ட் வான்ட் இன்சுலின், மை நெய்பர் லாஸ்ட் ஹிஸ் லெக்' என்று அவன் சொன்ன அடுத்த நொடி என் வாயில் வந்தது 'டோன்ட் வொரி சார், யூ ஷுட்'. அவன் கட்டிலில் விழுந்து சிரிக்கிறான். ரெக்கார்டிங்கைக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் பதினோரு யூ ஷுட். நாலாவது தடவை மூன்றாகக் குறைந்தது. மாலுமி மாமா சொன்ன மாதிரி கடைசியில் திருப்பிச் சொல்லச் சொன்னேன், தம்பி ஊசியைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும் என்கிறான். நான் சொன்னது சாப்பாட்டுக்கு முன்னால்.

கருங்கல்காரி எழுதியது:

நல்லது, அவன் தப்பாகச் சொன்னதும் நீ என்ன செய்தாய், அதைச் சொல். 'நோ நோ, ராங்' என்றா?

தேன்கூடு எழுதியது:

ஆமா அக்கா. அதேதான் சொன்னேன்.

கருங்கல்காரி எழுதியது:

சரி, ஞாயிற்றுக்கிழமை உனக்கு டியூட்டி இல்லை என்றால் வாட்ஸ்அப் காலில் வா. தம்பி வேண்டாம், நான் பேஷண்ட்.