நீந்தத் தொடங்கி மூன்றாம் நாளில் சாகும் பைட்டர் மீன் குஞ்சுகள்

உப்புவெளி மீன்தொட்டி:
தொட்டி 18 × 10 அங்குலம், தண்ணீர் உயரம் 5 அங்குலம், சூடு 28 பாகை. ஆண் மீன் நுரைக்கூடு ஒழுங்காகக் கட்டுது, இரண்டு நாளில் பொரிக்குது. குஞ்சுகள் கிடையாக நீந்தத் தொடங்கினதும் அவித்த முட்டை மஞ்சட்கருவைக் கரைத்து நாளுக்கு மூன்று முறை ஊற்றுகிறேன். மூன்றாம் நாள் எல்லாமே அடியில் செத்துக் கிடக்குது. கிணறு சவர் என்பதால் குழாய்த் தண்ணீரைத்தான் ஒரு நாள் திறந்து வைத்துப் பாவிக்கிறேன். பிழை தண்ணீரிலா, சாப்பாட்டிலா?

நுரைக்கூடு:
சாப்பாட்டில்தான் தம்பி. பொரித்த குஞ்சு வயிற்றுப் பையில் உள்ள கருவைக் கொண்டு இரண்டு மூன்று நாள் சமாளிக்கும். அது தீர்ந்ததும் அசைகிற உயிரைத்தான் கொத்தும். மஞ்சட்கரு அசையாமல் அடியில் படிந்து அழுகும். உங்கள் தொட்டியில் இருப்பது 15 லீற்றருக்கும் குறைவான தண்ணீர், வடிகட்டியும் போட முடியாது. அமோனியா ஏற ஒரு நாள் போதும். குஞ்சுகள் பட்டினியாலும் நஞ்சாலும் சேர்ந்தே சாகுது.

குஞ்சுக்கு முதல் சாப்பாடு இன்புசோரியா, அதாவது தண்ணீரில் பெருகும் நுண்ணுயிர்கள். அதை முட்டை போட்ட பிறகு தயாரித்தால் பிந்திவிடும். சோடியைக் கண்ணாடித் தடுப்புக்கு இரண்டு பக்கமும் விடுகிற அன்றே தொடங்குங்க. 2 லீற்றர் போத்தலில் பழைய தொட்டித் தண்ணீர், இரண்டு அங்குலத் துண்டு வாழைப்பழத் தோல், வாயில் மெல்லிய துணி. வெயில் நேரடியாகப் படக்கூடாது. முதலில் பால் மாதிரிக் கலங்கி நாறும், அது பக்டீரியா. அப்போது ஊற்றினால் குஞ்சு போய்விடும். நாலைந்து நாளில் தெளியத் தொடங்கி நாற்றம் குறையும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் தூசி போல அசைவது தெரியும். அதில் 50 மில்லி, காலை மாலை. மூன்று நாள் இடைவெளியில் இரண்டாவது போத்தல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்க, ஒன்று கெட்டால் மற்றது இருக்கும்.

முட்டை போட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்க. தகப்பனை, குஞ்சுகள் எல்லாம் கிடையாக நீந்துகிற அன்று எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் விழுகிற குஞ்சுகளைக் கூட்டுக்குத் தூக்க ஆள் இல்லை. இரவில் சின்ன மின்குமிழ் எரிந்தால் அவனுக்குக் கண் தெரியும்.

கொட்டியார்:
ஐந்தாறு நாள் இன்புசோரியாவுக்குப் பிறகு ஆர்ட்டிமியா, உப்புத் தண்ணீரில் பொரிக்கிற இறால் இனத்துப் பொடி உயிர். திருகோணமலையில் இதற்கு உப்பு வாங்கத் தேவையில்லை. நிலாவெளிக் கடல் தண்ணீர் மூன்று பங்கு, நல்ல தண்ணீர் ஒரு பங்கு, துணியில் வடித்தால் கிட்டத்தட்ட லீற்றருக்கு 25 கிராம் உப்பு வரும். கொட்டியார்க் குடாத் தண்ணீர் வேண்டாம், மகாவலி வந்து விழுவதால் மழைக்காலத்தில் உப்பு குறைந்துவிடும். லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி ஆர்ட்டிமியா முட்டை, அடியிலிருந்து காற்று, 28 பாகையில் 24 மணித்தியாலம். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்க: கோது மேலே, உயிர்கள் கீழே. கீழே உள்ளதை மட்டும் குழாயால் இழுத்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்க. கோதை விழுங்கின குஞ்சுக்கு வயிறு அடைக்கும்.

இன்னொன்று, தொட்டியை மூடி வையுங்க. மூன்று நாலு கிழமையில் குஞ்சு மேலே வந்து காற்றைக் குடிக்கத் தொடங்கும். கச்சான் காற்று உலர்ந்து அடித்தால் காற்றைக் குடிக்கிற அந்த உறுப்பு சரியாக வளராது.

உப்புவெளி மீன்தொட்டி:
நன்றி அண்ணா. தாய் மீனுக்கு வாளியில் நுளம்புக் குடம்பி வளர்த்துக் கொடுக்கலாமா?

நுரைக்கூடு:
வேண்டாம். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக விடுவது குற்றம், டெங்கு பரவுகிற ஊரில் அது ஆபத்தும் கூட. தண்ணீர்த் தெள்ளு (டாப்னியா என்கிற பொடி நீருயிர்) வளருங்க, வாளி வாயில் நுளம்பு வலை கட்டி. பத்து நாள் கொடுத்தால் பெண்ணின் வயிறு முட்டையால் நிரம்பும். வயிற்றின் கீழே வெள்ளைப் புள்ளி தெரிந்த பிறகு தடுப்பை எடுங்க.