தொப்பூர் இறக்கம் முடிந்ததும் முன் இடது சக்கரத்தில் உரசல் சத்தம்: காலையில் காணோம்!

கேள்வி – தருமபுரியிலிருந்து
வணக்கம். என்னுடையது ஆறு வருடப் பழைய பெட்ரோல் கார். முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயை இறங்கி முடித்ததும் முன் இடது சக்கரத்தில் ‘சர்… சர்…’ என்று உரசல் தொடங்குகிறது. பிரேக்கை மிதித்தாலும் விட்டாலும் நிற்பதில்லை. வண்டியை நிறுத்தினால் கருகிய வாடை. மறுநாள் காலையில் எடுத்தால் சத்தம் சுத்தமாக இல்லை. ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்கிறார். இன்னொருவர் நான்கு சக்கரத்துக்கும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஒகேனக்கல் போக வேண்டும். பென்னாகரம் தாண்டினால் அங்கும் இறக்கம்தான். யாரை நம்புவது?

பதில் – பாலக்கோடு
பிரேக் பேட், அதாவது டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை, தீர்ந்திருக்கும். பல பேடுகளில் சிறிய தகட்டு நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்கைத் தொட்டுக் கீச்சிடும். மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

பதில் – கிருஷ்ணகிரி
அண்ணா, ஜல்லி லாரிக்குப் பின்னால் போனீர்களா? எங்கள் ஊர் குவாரிச் சாலைகளில் இது அடிக்கடி நடக்கும். டிஸ்குக்கும் அதன் பின்னாலிருக்கும் தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கினால் காது கூசும் அளவுக்குச் சத்தம் வரும். கொஞ்ச தூரம் ரிவர்ஸில் எடுத்தால் சில நேரம் தானே விழுந்துவிடும்.

பதில் – காவேரிப்பட்டணம், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்
கல்லாக இருந்தால் கருகிய வாடை வராது தம்பி. பேட் தேய்ந்த கீச்சொலியாக இருந்தால் காலையிலும் கேட்கும். சூடானால் வருகிறது, ஆறினால் போகிறது, ஒரே சக்கரத்தில் மட்டும் இருக்கிறது. பிரேக்கை விட்ட பிறகும் அந்தச் சக்கரம் முழுதாக விடுபடவில்லை என்றே தோன்றுகிறது. ஆறிய வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் பிடிபடாது.

அடுத்த முறை இறங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இரண்டு முன் சக்கரங்களுக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனல் வீசினால், பேடுகளை டிஸ்கில் அழுத்தும் காலிபரைப் பார்க்க வேண்டும். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் சிலருக்கு இருக்கிறது. டிஸ்க் வளையும், விரிசலும் விடும்.

கேட்டவர்
பார்த்தேன் ஐயா. இடது பக்கம் அனல், வலது பக்கம் வெறும் வெதுவெதுப்பு. ஓடும்போது வண்டி லேசாக இடது பக்கம் இழுப்பதையும் இப்போதுதான் கவனித்தேன். காலிபரையே மாற்ற வேண்டியிருக்குமா?

பதில் – காவேரிப்பட்டணம்
அவசரப்படாதீர்கள். சூடு தணிவதற்குள் ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். இறுகியிருந்தால் காலிபரின் பிளீடர் நட்டை (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) லேசாகத் திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் திரும்பிப் போகாமல் உள்ளே நிற்கிறது என்று அர்த்தம். ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கலாம். திறந்த பிறகும் இறுக்கமாகவே இருந்தால், காலிபர் வழுக்கி நகரும் கம்பியான ஸ்லைடு பின்னோ, பேடைத் தள்ளும் பிஸ்டனோ சிக்கியிருக்கிறது.

பிறகு இரண்டு பேடுகளையும் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள். உட்பக்கப் பேட் அதிகம் தேய்ந்து, வெளிப்பக்கம் அப்படியே இருந்தால் பெரும்பாலும் ஸ்லைடு பின்தான். பின்னைத் துடைத்து, சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினால் தீரும். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் உறை ஊதிப்போகும். சத்தம் போக வேண்டும் என்று பேடின் மீதே எண்ணெய் அடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் தெருப்பக்கமே போகாதீர்கள்.

பதில் – ஓசூர்
இடையில் ஒரு சந்தேகம். மழை பெய்த மறுநாள் காலையில் என் வண்டியில் கரகரவென்று வருகிறதே, அதுவும் இதுதானா?

பதில் – காவேரிப்பட்டணம்
அது டிஸ்கின் மேல் படியும் துரு. சில முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். போகாவிட்டால் மட்டும் காட்டுங்கள்.

கேட்டவர்
ஐயா சொன்னபடியே செய்தோம். பிளீடரைத் திறந்தும் சக்கரம் விடவில்லை. கீழ்ப்பக்க ஸ்லைடு பின் துருப்பிடித்து அசையவே இல்லை. உட்பக்கப் பேட் 2 மி.மீ.தான் மிச்சம், வெளிப்பக்கம் 6 மி.மீ. பின்னையும் உறையையும் மாற்றி, முன் இரண்டு சக்கரங்களுக்கும் புதுப் பேட் போட்டாயிற்று. டிஸ்கின் தடிமன் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருப்பதால் அதைத் தொடவில்லை. தொப்பூர் இறங்கிப் பார்த்தேன், சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. பிரேக் ஆயில் மட்டும் கறுப்பாக இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமா?

பதில் – காவேரிப்பட்டணம்
ஒகேனக்கல் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 அளவுக்கு இறங்கலாம். இறக்கத்தில் ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகி பெடல் தரைவரை போகும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3 என்றிருந்தாலும் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் கூடாது, அது சிலிக்கான். இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் மாற்றிய பேடும் கருகும்.