படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் போடுவது: பார்த்துக்கொள்பவர்களின் அனுபவங்கள்

மருமகள், திருநெல்வேலி

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. படுக்கைப் புண் வராமல் இருக்க, டிஸ்சார்ஜ் சீட்டில் ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவும்’ என்று எழுதியிருந்தார்கள். எப்படி என்று யாரும் காட்டவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தவர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி அக்கா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இடது பக்கமாகத் திருப்பப் போகிறோம் என்றால் நாமும் கட்டிலின் இடது பக்கமே நிற்க வேண்டும், அப்போதுதான் உருண்டு விழ மாட்டார். முதலில் ஆளைக் கட்டிலின் வலது ஓரத்துக்குக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திருப்பியதும் இந்த ஓரத்துக்கு வந்துவிடுவார். நகர்த்த இழுக்கக் கூடாது. தோளிலிருந்து தொடை வரைக்கும் வரும்படி பழைய காட்டன் வேட்டியை நாலாக மடித்துக் கீழே போட்டிருக்கிறோம். ஆளுக்கு ஒரு பக்கம் வேட்டியைச் சுருட்டிப் பிடித்து, லேசாகத் தூக்கி நகர்த்துவோம். தரதரவென்று இழுத்தால் மேல் தோல் மெத்தையோடு நின்றுவிடும், உள்ளே எலும்பு மட்டும் நகரும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்சதை கிழிவது அப்படித்தானாம்.

அப்புறம் விழுந்த கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்து, வலது முழங்காலை மடக்கிப் பாதத்தைப் படுக்கையில் ஊன்றி வைப்போம். “அத்தை, என் பக்கமா திருப்புறேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு கையைத் தோள்பட்டைக்குப் பின்னாலும் இன்னொரு கையை இடுப்புக்குப் பின்னாலும் கொடுத்து ஒரே நேரத்தில் நம் பக்கம் கொண்டுவந்தால், மடக்கிய முழங்கால் சாய உடம்பும் தானாகக் கூடவே வரும். விழுந்த கையைப் பிடித்து மட்டும் யாரும் இழுத்துவிடாதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும்.

திருப்பிய பிறகு செய்வதுதான் பாதி வேலை. முழுசாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால், மொத்த எடையும் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்வாக விடுகிறோம். சாய்வு சரியா என்று உள்ளங்கையை இடுப்புக்கு அடியில் நுழைத்துப் பார்ப்பேன். பக்கவாட்டு எலும்பும் அழுந்தக் கூடாது, வால் எலும்பும் படுக்கையைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சதைப்பற்று எடையைத் தாங்க வேண்டும். முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை, விழுந்த கைக்கு ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் இன்னொன்று வைத்தால் குதிகால் படுக்கையைத் தொடாமல் நிற்கும். கடைசியாகத் துணிச் சுருக்கத்தை நீவிவிட்டு, காது மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஸ்டாஃப் நர்ஸ், அரசு மருத்துவமனை

சகோதரி எழுதியது அத்தனையும் சரி. வார்டில் பார்த்ததை வைத்துச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும், அதுவரை கீழே இருந்த பக்கத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் மறுபடி படுக்க வைக்கவே கூடாது. ஆனால் நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பாடப் புத்தகத்துப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். மாநிறம், கறுப்பு நிறத்தில் சுற்றியிருப்பதைவிடக் கறுத்தோ ஊதா படர்ந்தோ தெரியும், புறங்கையை வைத்தால் சூடாக இருக்கும், தொட்டால் கெட்டிப்பட்டோ கொழகொழவென்றோ இருக்கும். கண்ணைவிடக் கையை நம்புங்கள்.

அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் அடியில் ஏற்கெனவே நசுங்கிய சதையை அது இன்னும் கெடுக்கும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் வேண்டாம். சுற்றிலும் அழுத்தி, நடுவில் ரத்தம் போகாமல் செய்துவிடும்.

மூக்கு வழியாகக் குழாயில் உணவு கொடுப்பவர்கள், திருப்பும் வேலையை உணவுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். உணவின்போதும் அதற்குப் பின் ஒரு மணி நேரம் வரைக்கும் தலைமாடு உயர்ந்திருக்கட்டும். மற்ற நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஆள் கீழே சரிந்து வால் எலும்பு தேயும். சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ராத்திரியுமா இரண்டு மணி நேரம்?’ என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 2, 3, 4 மணி நேர இடைவெளிகளுக்குள் புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்கள். நம் வீட்டுத் தேங்காய் நார் மெத்தையை நம்பி நாலு மணி நேரம் விடாதீர்கள். நல்ல மெத்தை இருந்து, தோலில் எந்த மாற்றமும் இல்லையென்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு ராத்திரி இடைவெளியைக் கூட்டலாம். பார்த்துக்கொள்பவரும் தூங்க வேண்டும், அது சொகுசு இல்லை.

அண்ணன், வேலூர் பக்கம்

என் தம்பி பனை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடி. முதுகெலும்பு சேரும்வரை மேலே சொன்ன முறையில் திருப்பக் கூடாது. தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கோட்டில் இருக்க, பல பேர் சேர்ந்து ஒரே குரலுக்குத் திருப்ப வேண்டும். இதைத் தண்டுவடக் காயம் உள்ளவர்கள் வீட்டில் மறந்துவிடாதீர்கள்.

சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் அவனைச் சேர்த்தோம். டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று 1966இல் தொடங்கிய இடம். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும் திருப்ப வேண்டும் என்று டாக்டர் லுட்விக் குட்மன் 1944 முதல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் கண்டிப்பாகச் செய்துகாட்டிய வழக்கம்தான் இப்போது எல்லா தண்டுவட வார்டிலும் இருக்கிறது. அதற்கு முன் இப்படி அடிபட்டவர்களில் பலர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும்தான் போனார்கள்.

என் தம்பிக்கு உணர்ச்சி இல்லாததால் வலி வந்து எச்சரிக்காது. இப்போது கைப்பிடி வைத்த கண்ணாடியில் தன் பின்பக்கத்தைத் தினமும் அவனே பார்த்துக்கொள்கிறான். கவிழ்ந்து படுக்கவும் பழகிவிட்டான், அதனால் ராத்திரி எங்களுக்கும் தூக்கம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாலும் அடிக்கடி முன்னால் குனிந்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் எடையை மாற்றுவான். உட்கார்ந்திருப்பவருக்குப் புண் வராது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

மகன், சென்னை

ஏர் பெட் வாங்கினால் திருப்ப வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். நம்பாதீர்கள். அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதன் மேல் ரப்பர் ஷீட், போர்வை, டயப்பர் ஷீட் என்று அடுக்கினால் காற்று மெத்தையின் பயனே போய்விடும், ஒரே ஒரு காட்டன் விரிப்பு போதும். காற்று போதுமா என்று பார்க்க, அப்பாவின் இடுப்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழைப்பேன். எலும்பு கையில் தட்டினால் பம்ப்பின் அளவைக் கூட்ட வேண்டும். கரண்ட் போனால் காற்று இறங்கும், அதனால் கீழே சாதாரண மெத்தை எப்போதும் இருக்கட்டும். கட்டிலின் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டை வைத்து என் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிய பிறகுதான் எனக்கு முதுகுவலி குறைந்தது.