புதுப்பிப்பு: ஏற்காடு பக்கம் ஜிபிஎஸ் விட்டுவிட்டுப் போனதற்குக் காரணம் கிடைத்தது

சேலம் விமான நிலையத்தின் கமலாபுரம் ஓடுபாதையிலிருந்து கிளம்பி ஏற்காடு பக்கம் திரும்பினால், எங்கள் நான்கு இருக்கை விமானத்தில் ஜிபிஎஸ் இரண்டு மூன்று நிமிடம் காணாமல் போகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிரச்சினை தீர்ந்தது.

சேர்வராயன் மலைதான் மறைக்கிறது என்று நம்பியிருந்தேன். ஆனால் பறக்கும்போது மலை நமக்குக் கீழே. செயற்கைக்கோள்களோ சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில். "சார்ஜரைப் பாருங்கள்" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் சரி.

விமானத்தைத் திறந்த வெளியில் நிறுத்தி, திரையில் செயற்கைக்கோள் பக்கத்தை வைத்துக்கொண்டு சோதித்தோம். சிகரெட் லைட்டர் துளையில் யுஎஸ்பி சார்ஜரைச் செருகியபோது ஒன்றும் ஆகவில்லை. அதில் போனை மாட்டியதும், சிக்னல் பலத்தைக் காட்டும் பச்சைக் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் குட்டையாகி, திரை வெறிச்சோடியது. பிடுங்கினால் அரை நிமிடத்தில் திரும்பி வந்தது. மூன்று முறையும் அப்படியே.

அப்புறம், ஏன் ஏற்காட்டில் மட்டும்? ஏரியைப் படம் எடுக்க, பக்கத்து இருக்கையில் இருப்பவர் அங்கேதான் போனைச் சார்ஜில் போடுவார்!

எதிர்பாராத இன்னொன்று: ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிளைத் திருகி மாட்டும் உலோக முனையில் (பிஎன்சி இணைப்பு) பச்சைக் களிம்பு. சிக்னல் முன்பே மெலிந்திருந்ததால்தான் சார்ஜர் கிளப்பும் மின் இரைச்சல் (ரேடியோ இடையூறு) அதை இவ்வளவு சுலபமாக அமுக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். உரிமம் பெற்ற பொறியாளர் இணைப்பை மாற்றி, பதிவேட்டிலும் எழுதிவிட்டார். சார்ஜர் இப்போது விமானத்தில் இல்லை. அதன்பின் ஆறு முறை ஏற்காடு சுற்றி வந்தோம், ஜிபிஎஸ் ஒரு முறைகூட விட்டுப்போகவில்லை.