தொலைநோக்கியைப் பார்க்காமலே வானியலில் முனைவர் பட்டமா?

மூன்றாமாண்டு:

வணக்கம். முதுநிலை இயற்பியல் முடித்து, தகுதித் தேர்வு எழுதி, வானியலில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து இது மூன்றாம் ஆண்டு. ரிஷப விண்மீன் குழாமில் உள்ள இளம் விண்மீன்கள் சிலவற்றின் நிறமாலைகளை வைத்து, அவற்றைச் சுற்றியுள்ள வாயுவின் ஓட்டத்தைப் பற்றி எழுதிவருகிறேன். தரவு எதுவும் நான் எடுத்ததன்று. ஒரு மலை ஆய்வகத்தில் பிறர் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து காப்பகத்தில் சேர்த்துவைத்தவை.

சென்ற வாரம் நடந்த ஆண்டுத் திறனாய்வில், குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் என் நான்காம் இயலின் படமொன்றில் விரலை வைத்தார். 5890 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் மூன்று இரவுகளில் மட்டும் ஒரு சோடியம் கோடு மேலெழுகிறது. அதை விண்மீனிலிருந்து வெளியேறும் வாயுவின் அடையாளமாக நான் எழுதியிருந்தேன். “இது விண்மீனின் சோடியமா, மலையடிவாரத்து ஊரின் தெருவிளக்குச் சோடியமா?” என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. “அந்த மலைக்கு ஒரு முறையாவது போயிருக்கிறீர்களா?” என்றார். அதற்கு மட்டும் உடனே பதில் சொல்ல முடிந்தது.

இப்போது, ஒவ்வொரு மாணவரும் பத்து இரவுகளாவது தொலைநோக்கியில் பணியாற்றிய பிறகே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று ஒரு விதி கொண்டுவரத் துறையில் பேசுகிறார்கள். இது தேவையா? இத்துறையில் இருப்பவர்கள் கருத்துச் சொன்னால் நன்றியுடையேன்.

மலைமேல் இரவு:

தேவைதான் என்பது என் கருத்து. நான் ஆய்வாளன் அல்லேன். தொலைநோக்கியை இயக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன், ஆகவே என் சொல்லை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் ஒளி விழுவதற்கு வெகு முன்பே இரவுப் பணி தொடங்கிவிடுகிறது. மாலை நான்கு மணிக்கு, ஒளியைப் பதியும் சிசிடி கருவியைக் குளிர்விக்கும் குடுவையில் திரவ நைட்ரஜனை ஊற்றும்போது வெண்புகை வழிந்து காலடி வரை வரும், குடுவை நிறைந்ததா என்பதைப் புனல் வாயில் அது கொப்பளிக்கும் ஓசையை வைத்தே பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். பிறகு, கருவியின் எல்லாப் பகுதியும் ஒளியை ஒரே அளவில் பதிகிறதா என்று சரிபார்க்க, அந்தி வானத்தை நோக்கிச் சீரொளிப் படங்கள் எடுக்க வேண்டும். வானம் அதிகம் வெளுத்திருந்தால் படம் நிரம்பி வழியும், அதிகம் இருண்டுவிட்டால் விண்மீன்கள் தலைகாட்டிவிடும். இடையில் கிடைப்பவை சில நிமிடங்களே. நள்ளிரவுக்குப் பிறகு காற்று குளிரக் குளிரக் குவியம் நகர்ந்துகொண்டே போகும். ஈரப்பதம் ஏறினால், எவ்வளவு அருமையான விண்மீன் எதிரில் இருந்தாலும் குவிமாடத்தை மூட வேண்டியதுதான். இவை அனைத்தும் நீங்கள் காப்பகத்திலிருந்து இறக்கும் எண்களுக்குள் படிந்து கிடக்கின்றன.

காவலூர் ஆய்வகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு உங்கள் சோடியம் கோடு வியப்பளிக்காது. தெளிந்த இரவில் தொடுவானத்தில் மங்கலாகத் தெரியும் ஊர் விளக்கு, தாழ்ந்த மேகமோ பனிமூட்டமோ இருந்தால் வானம் முழுவதும் மஞ்சளாகப் பரவிவிடும். 1967-க்குப் பின் வானியலாளர் வைணு பாப்பு ஜவ்வாது மலையின் காட்டுக்குள் அந்த ஆய்வகத்தைக் கட்டியெழுப்பியதற்கு ஊர் வெளிச்சத்திலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். அந்த விலகல் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறது.

காப்பகவாசி:

மேலே எழுதியிருக்கும் ஐயா சொன்ன செய்திகளில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலிருந்து விதி ஒன்றைப் பிறப்பிப்பதைத்தான் மறுக்கிறேன்.

முதலில் தம்பியின் சிக்கலைப் பார்ப்போம், ஏனெனில் அதற்கு மலையேறவே தேவையில்லை. பூமி கதிரவனை நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ரிஷபக் குழாம் கதிரவப் பாதையிலேயே இருப்பதால், நவம்பர் இறுதியில் நமக்கும் அந்த விண்மீனுக்கும் இடையே பூமியின் ஓட்டத்தால் விளையும் விலகல் வேகம் ஏறக்குறைய சுழியாகவும், மார்ச்சில் கிட்டத்தட்ட முழு 30 கி.மீ. ஆகவும் இருக்கும். விலகிச் செல்லும் பொருளின் கோடு சிவப்புப் பக்கம் நகரும். ஆகவே கோடு விண்மீனுடையது என்றால் இவ்விரு மாதங்களுக்கிடையே அது அரை ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நகர்ந்திருக்க வேண்டும். தெருவிளக்கு நம்மோடு சேர்ந்தே கதிரவனைச் சுற்றுவதால் அதன் கோடு அசையாது. உங்கள் மூன்று இரவுகளும் எந்தெந்த மாதத்தவை? கோப்பின் தலைப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள்.

இனி கொள்கைக்கு வருகிறேன். வானியலில் எழுதப்பட்ட மிகச் சிறந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளுள் ஒன்றென்று பலராலும் போற்றப்படுவது, 1925-இல் செசிலியா பெய்ன் எழுதியது. ஹார்வர்டில் ஏற்கெனவே சேர்ந்து கிடந்த, நிறமாலைகள் பதிந்த கண்ணாடித் தட்டுகளே அவருக்கு ஆதாரம். அந்த நிறமாலைகளை ஆனி ஜம்ப் கேனன் முன்பே வகைப்படுத்தி வைத்திருந்தார். நம் மேகநாத் சாகா 1920-இல் வெளியிட்ட, வெப்பத்தால் அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும் அளவைத் தரும் அயனியாக்கச் சமன்பாட்டை அவற்றின்மேல் பொருத்திப் பார்த்த பெய்ன், விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்று கண்டார். இன்றைய சொல்லில் இது முழுக்க முழுக்கக் காப்பகத் தரவு ஆய்வு. அதற்குத் தடையாக வந்தது தரவின் குறையன்று. மூத்தவரான ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் இது இருக்க முடியாது என்று சொல்ல, அந்த முடிவு மெய்யாக இராது என்று பெய்னே தம் ஆய்வேட்டில் எழுத நேர்ந்தது. 1929-இல் ரஸ்ஸலும் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்துசேர்ந்தார். மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார் என்பதற்காகவே கலங்கிவிடாதீர்கள் என்பதையும் இதனால் சொல்லிவைக்கிறேன்.

2007-இல் அறிவிக்கப்பட்ட முதல் விரைவு ரேடியோ வெடிப்பும், அதாவது விண்வெளியிலிருந்து கண நேரமே வந்து மறையும் ரேடியோத் துடிப்பும், இப்படித்தான் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2001-இலேயே பதிவுசெய்துவிட்ட தரவில் அது ஆறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இனி வரும் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 20 டெராபைட் தரவைத் தரக் கட்டப்பட்டது. அதன் 8.4 மீட்டர் கண்ணாடியின் அருகில் எத்தனை மாணவர்களை நிறுத்துவீர்கள்? அந்தத் தரவில் எது புதியது என்று பிரித்தறியும் நிரலை எழுதுவதே இன்றைய வானியலாளரின் இரவுப்பணி.

மலைமேல் இரவு:

பார்க்ஸை எடுத்தது நல்லதாயிற்று. அதே தொலைநோக்கியில் 1998 முதல் இன்னொரு வகைச் சமிக்ஞையும் வந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்கு விரைவு வெடிப்பைப் போலவே இருந்த அதற்குப் பெரிட்டான் என்று பெயர் வைத்து, மின்னலாக இருக்குமோ என்றெல்லாம் எண்ணினார்கள். 2015-இல்தான் புதிர் விடுபட்டது. ஆய்வகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, நேரம் முடிவதற்குள் யாரோ இழுத்துத் திறந்தபோதெல்லாம் அந்தச் சமிக்ஞை பிறந்திருக்கிறது. அதை விளக்கிய கட்டுரையின் முதல் ஆசிரியரான எமிலி பெட்ராஃப் அப்போது முனைவர் பட்ட மாணவி. அடுப்பு இருந்த செய்தி எந்தக் கோப்பின் தலைப்புப் பகுதியிலும் எழுதப்பட்டிருக்காது. வளாகத்திலேயே குறுக்கீட்டைக் கண்காணிக்கும் கருவியை வைத்து, அடுப்பை இயக்கிச் சோதித்த பிறகே முடிவாகச் சொல்ல முடிந்தது.

பெய்னுக்கு எதிர்ப்பக்கத்தில் ஜோசலின் பெல்லை வைக்கிறேன். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது, நாலரை ஏக்கரில் கம்பங்களும் கம்பிகளுமாக விரிந்த ரேடியோ தொலைநோக்கியைக் கட்டும் வேலையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சம்மட்டி பிடித்தவர் அவர். 1967-இல் அது ஓடத் தொடங்கியதும், காகிதச் சுருளில் வந்த கிறுக்கல்களை நாள்தோறும் கண்ணால் படித்தார். பல நூறு அடிக் காகிதத்தில் கால் அங்குலம் அளவுக்கு இருந்த ஒரு கிறுக்கல் விண்மீனும் அன்று, உள்ளூர்க் குறுக்கீடும் அன்று என்று அவருக்குத் தோன்றியதற்குக் காரணம், அந்தக் கருவியின் ஒவ்வொரு இருமலும் அவருக்குத் தெரிந்திருந்ததுதான். 1.33 நொடிக்கு ஒரு முறை துடித்த முதல் பல்சார், அதாவது சுழன்றபடி சீரான ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் விண்மீன், அப்படித்தான் கிடைத்தது.

அரை ஆங்ஸ்ட்ராம் சோதனை அழகானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஐயம் தம்பிக்கு மூன்று ஆண்டுகளில் ஏன் வரவில்லை என்பதே என் கேள்வி.

இயற்பியல் ஆசிரியர்:

தென்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். நீங்கள் இருவரும் பேசுவது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களைப் பற்றியது. வெளியே நிற்பவர்களை யாரும் எண்ணவில்லை.

என் மாணவியரில் இருவர் கைபேசி இணைப்பை வைத்துக்கொண்டே கையா விண்கலத்தின் தரவை இறக்கி, ஒரு விண்மீன் கொத்தின் தொலைவைக் கணித்தார்கள். 180 கோடி விண்மீன்களைக் கொண்ட பட்டியல் அது, காசு கேட்பதில்லை. கல்லூரியில் இருக்கும் ஒரே தொலைநோக்கியின் தாங்கி துருப்பிடித்துப் பத்தாண்டுகள் ஆகின்றன. காப்பகம் இல்லையென்றால் இந்தப் பிள்ளைகளுக்கு வானியல் என்பது செய்தித்தாளில் வரும் கிரகணப் படத்தோடு முடிந்திருக்கும். அப்படி வந்தவர்களிடம் ஆய்வுக் கட்டத்தில், நீ தொலைநோக்கியைத் தொட்டதில்லை, ஆகவே நீ அரைகுறை என்று சொல்வது எனக்குப் பழைய காலத்துத் தீண்டல் விதிகளைத்தான் நினைவூட்டுகிறது. சொல் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலேயே காப்பகத்துக்கு ஒரு சான்று உண்டு. கொடைக்கானலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் எடுத்த கதிரவன் படங்கள் எண்மமாக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. கரும்புள்ளிகளின் நூறாண்டுப் போக்கை ஆராயும் மாணவன் 1910-க்குப் போய் நின்றா படம் எடுக்க முடியும்?

நெறியாளர் ஒருத்தி:

விதி வேண்டாம் என்பதே என் முடிவு, ஆனால் காரணம் உங்களுடையதன்று. பத்து இரவுகள் என்பது நடைமுறையில் கைகூடாது.

தொலைநோக்கி நேரம் விண்ணப்பித்துப் பெற வேண்டிய பொருள், கேட்பவர்களுக்கெல்லாம் கிடைப்பதும் இல்லை. கிடைத்தாலும் வானம் நம் கையில் இல்லை. என் மாணவி ஒருத்திக்கு ஒரு பருவத்தில் மூன்று இரவுகள் ஒதுக்கினார்கள். மூன்றிலும் குவிமாடத்தைத் திறக்கவே முடியவில்லை. மழையோசையைக் கேட்டுக்கொண்டு நிரல் எழுதிவிட்டுத் திரும்பிவந்தாள். அவை பணியாற்றிய இரவுகளா, இல்லையா? ஐந்தாண்டு உதவித்தொகை, அதாவது முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பிறகு 42,000 ரூபாயும், அந்தக் காலக்கெடுவுக்குள்தான் ஓடுகிறது. மேகத்துக்காக ஒரு பருவம் காத்திருந்தால் அந்த இழப்பு மாணவருடையது. நிறுவனத்துக்கு ஒன்றும் குறையாது.

தொலைநோக்கியில் பணியாற்றுவது என்பதன் பொருளும் மாறிவிட்டது. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஹோசகோட்டையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறோம். மாணவர்கள் அதில் இரவு முழுவதும் விழித்திருந்து வேலை செய்கிறார்கள், ஆனால் பெரும்பாலோர் ஹான்லேயைக் கண்ணால் கண்டதில்லை. மலைமேல் இரவு ஐயாவின் கணக்கில் இவர்கள் எந்தப் பக்கம்?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தரவு எந்த இடத்திலிருந்து வந்தாலும், அந்த இரவின் பதிவேட்டைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மாணவர் என் அறைக்கு வர வேண்டும்.

மூன்றாமாண்டு:

காப்பகவாசி அண்ணன் சொன்னபடி நேற்று இரவு பார்த்தேன். மூன்று இரவுகளில் ஒன்று நவம்பர் 22, மற்ற இரண்டும் மார்ச் நடுப்பகுதி. விண்மீனின் ஒளியில் இருண்டு தெரியும் உட்கவர் கோடுகள் மார்ச்சில் சிவப்புப் பக்கம் அரை ஆங்ஸ்ட்ராம் நகர்ந்திருக்கின்றன. மேலெழும் சோடியம் கோடு மட்டும் மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. தெருவிளக்குதான்.

பிறகு நெறியாளர் அம்மா சொன்ன பதிவேட்டைக் கேட்டு ஆய்வகத்துக்கு எழுதினேன். இன்று காலை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். நவம்பர் இரவுக்கு நேராக, தென்கிழக்கில் தாழ்ந்த மேகம், பின்னணி அதிகம் என்று கையால் எழுதியிருக்கிறது. மார்ச் இரவுகளில் மூட்டம் என்று மட்டும் இருக்கிறது. நான் பயன்படுத்திய நிறமாலைமானியில் ஒளியிழை ஒன்றே விண்மீனைப் பிடிக்கிறது, பக்கத்து வானத்தைத் தனியாகப் பதிந்து கழிக்க வழியில்லை என்பதும் அதே பக்கத்தின் ஓரத்தில் குறித்திருந்தது. நான்காம் இயலில் 11 பக்கங்கள் போகின்றன.

காப்பகவாசி:

அறையைவிட்டு வெளியே வராமலே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பதைக் குறித்துவைக்கிறேன்.

மலைமேல் இரவு:

மேகத்தைப் பார்த்து எழுதிவைத்தவன் அறைக்கு வெளியே நின்றிருந்தான் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தம்பி, அந்தப் 11 பக்கங்களைக் கிழிக்க வேண்டாம், பின்னிணைப்பாக வையுங்கள். அதே கருவியின் தரவை எடுப்பவர்கள் இன்னும் பலர் வருவார்கள். விதி வந்தாலும் வராவிட்டாலும் பிப்ரவரியில் ஒரு நான்கு இரவுகளுக்கு எழுதிப் போடுங்கள், அப்போது வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். கம்பளிக் குல்லாய் எடுத்துச் செல்லுங்கள். குவிமாடத்துக்குள் சற்றும் சூடேற்றி வைக்க மாட்டார்கள், கண்ணாடிக்கு ஆகாது.

மூன்றாமாண்டு:

விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டேன் ஐயா. ஒரு சந்தேகம் இருக்கிறது. அதே விண்மீனைக் கேட்கட்டுமா, அல்லது வானத்தைத் தனியாகப் பதிய ஓர் இரவு கேட்டால் தருவார்களா?

நெறியாளர் ஒருத்தி:

விண்மீனைக் கேளுங்கள். ஒவ்வொரு முறை விண்மீனைப் பதிந்ததும் இழையைச் சற்று நகர்த்தி, வெற்று வானத்தையும் அதே கால அளவுக்குப் பதிய நேரம் சேர்த்துக் கேளுங்கள். வெற்று வானத்துக்கு மட்டும் என்று தனியாகக் கேட்டால் நேரம் ஒதுக்கும் குழு தராது.